நகை செய்யச் சொல்லும் உரிமை



நம் தோழரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவு வரிசையில் நிலம், கல்வி, கோயில் நுழைவு, இடஒதுக்கீடு பற்றியெல்லாம் பேசியிருக்கிறார்கள். நகையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் அமைப்பாளர்களில் சிலர் தயங்கினார்கள். நகை வரதட்சணையோடும் ஆடம்பரத்தோடும் சேர்ந்தது, அதில் விடுதலை அரசியலுக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக ஒரு சட்டப் பிரிவை முதலில் உங்கள் முன் வைக்கிறேன்.

1955 ஜூன் 1 அன்று தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1976இல் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரால் ஒருவருக்கு எவற்றையெல்லாம் தடுக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. கடை, உணவகம், ஆறு, கிணறு, குழாய், சுடுகாடு, சாலை, வண்டி, குடியிருக்கும் வீடு, சடங்கு, ஊர்வலம் என்று போகும் அந்தப் பட்டியலின் கடைசி இனம் நகைகளையும் அலங்காரப் பொருட்களையும் பயன்படுத்துவது. தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு.

ஒரு குடியரசின் நாடாளுமன்றம், தன் குடிமக்களில் சிலர் காதில் தோடு போட்டுக்கொள்வதை யாரும் தடுக்கக் கூடாது என்று சட்டம் எழுத வேண்டியிருந்தது. எழுத வேண்டியிருந்தது என்றால், தடுத்திருக்கிறார்கள் என்று பொருள். யார் தடுத்தார்கள், ஏன் தடுத்தார்கள், நம் மக்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதே இன்றைய பேச்சு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு மறுக்கப்பட்டவற்றில் பொன் ஒரு பாதி. எனக்கு இந்த வடிவத்தில், இந்த எடையில், இன்ன நாளுக்குள் வேண்டும் என்று இன்னொருவரிடம் சொல்லிச் செய்துகொள்ளும் தகுதி மறு பாதி. அந்த இரண்டாவது பாதியைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

1. சொல்லிச் செய்வது

இன்று நகை என்றால் கடைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் காட்டி வாங்குவது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் கிராமத்தில் அப்படி இல்லை. நகை என்பது சொல்லிச் செய்வது. ஆசாரி என்றும் பத்தர் என்றும் தட்டார் என்றும் ஊருக்கு ஊர் அழைக்கப்பட்ட பொற்கொல்லரிடம், பழைய நகையையோ காசையோ கொடுத்து, செய்யச் சொல்ல வேண்டும். அவர் உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்ப்பார். சிறிய தராசில் குன்றிமணி வைத்து நிறுப்பார். சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பேசுவார்கள். காப்பு என்றால் மணிக்கட்டை அளக்க வேண்டும், மோதிரம் என்றால் விரலை அளக்க வேண்டும். பிறகு குமுட்டி அடுப்பில் ஊதுகுழலால் ஊதி, கம்பி இழுத்து, பொடி வைத்துப் பற்றவைத்து, மெருகேற்றிக் கொடுப்பார். குழந்தைக்குக் காது குத்துவதும் பெரும்பாலும் அவர்தான்.

இந்த வேலையின் ஒவ்வொரு படியிலும் சாதி குறுக்கே நின்றது. பட்டறை ஊர்த்தெருவில் இருக்கும். சேரிப் பெண் அந்தத் தெருவுக்குள் போக முடியாது. திண்ணையில் உட்கார்ந்துதான் எடை பார்க்க வேண்டும். அவள் உட்கார முடியாது. அளவெடுக்கக் கையைத் தொட வேண்டும். அவளைத் தொட மாட்டார்கள். கூலி பேச வேண்டும். பேரம் பேசினால் திமிர் என்பார்கள். தங்கம் குறைந்திருந்தால் கேட்க வேண்டும். கேட்க அவளுக்கு ஊர்ப் பஞ்சாயத்து கிடையாது. தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்ற பழமொழி உங்களுக்குத் தெரியும். ஒரு தொழிற்சமூகத்தையே பழிக்கும் அந்தப் பழமொழியை நான் ஏற்கவில்லை. ஆனால் எடையிலும் மாற்றிலும் சண்டை பிடிக்கும் உரிமை உள்ளவர்கள்தான் அப்படி ஒரு பழமொழியை உண்டாக்கியிருக்க முடியும். நம் பாட்டிகளுக்கு அந்தச் சண்டைக்கும் வழியில்லை.

என் அம்மாயி தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் நடவு நட்டவர். இரண்டு ஆட்டை விற்ற காசில் ஒரு ஜோடித் தோடு செய்யச் சொன்ன கதையை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பட்டறைக்கு அவர் போகவில்லை. பண்ணையின் காரியக்காரரிடம் காசைக் கொடுத்து, அவர் பத்தரிடம் சொல்ல, மாட்டுக்கொட்டகைப் பக்கம் வைத்துத் தோட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாயி கேட்டது ஏழுகல் தோடு. வந்தது கல் இல்லாத மொட்டைத் தோடு. “உங்களுக்கு இது போதும்னு பத்தரு சொல்லிட்டாராம்” என்று அம்மாயி சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தத் தோட்டையும் ஊர்த்தெரு வழியாகப் போகும்போது கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாராம். சேரிக்குத் திரும்பிய பிறகுதான் மாட்டிக்கொள்வார்.

இதில் ஒரு விநோதத்தைக் கவனியுங்கள். அம்மாயியின் காசு பத்தரிடம் போயிற்று. காசுக்குத் தீட்டு இல்லை. தங்கத்துக்கும் தீட்டு இல்லை, நெருப்பில் போட்டால் சரியாகிவிடும். அந்தக் காசை உழைத்துச் சேர்த்தவளுக்கும், அவளுடைய விருப்பத்துக்கும் மட்டும் தீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

2. சாத்திரமும் கல்வெட்டும்

இந்தப் பழக்கத்தை ஏதோ கிராமத்து அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இதற்கு எழுதப்பட்ட சாத்திரம் இருக்கிறது. மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் சண்டாளர் என்று தான் பெயரிட்டவர்களை ஊருக்கு வெளியே வைக்கிறது. அவர்கள் சொத்து நாயும் கழுதையும், உடை பிணத்தின் மீதிருந்த துணி, சாப்பாடு உடைந்த பாத்திரத்தில், நகை இரும்பில் என்று விதிக்கிறது. அதே அத்தியாயம், சூத்திரன் தன்னால் முடிந்தாலும் செல்வம் சேர்க்கக் கூடாது என்கிறது. ஆகவே நகை கூடாது என்று மனு சொல்லவில்லை. இரும்பு நகை போடு என்கிறார். யார் எந்த உலோகம் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். பொன் ஒருவருக்கு, இரும்பு இன்னொருவருக்கு என்று வகுத்துவிட்டால் உடம்பே சாதிச் சான்றிதழாகிவிடுகிறது.

தமிழகத்துக்கு வருவோம். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் கொடுத்த நகைகளின் கணக்கு பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒரு நகையில் எத்தனை முத்து, எத்தனை மாணிக்கம் என்று எண்ணியிருக்கிறார்கள். பொன்னை ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்துப் பதிந்திருக்கிறார்கள். உலகத்தில் இவ்வளவு துல்லியமான நகைக் கணக்கு அதிகம் இருக்காது. அதே கோயிலின் கல்வெட்டுகளில், ஊர்களின் வரியில்லா நிலங்களைச் சொல்லும் இடத்தில், கோயில், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் தனியே குறிக்கப்படுகின்றன. தெய்வத்தின் முத்தை எண்ணிய அரசு, மனிதர்களைச் சேரி சேரியாகப் பிரித்தும் எழுதி வைத்தது.

கம்மாணச்சேரி என்பது கம்மாளர் குடியிருப்பு. பொற்கொல்லரும் கம்மாளரில் ஒரு பிரிவினர். நகை செய்தவர்களும் அந்த அடுக்கின் மேலே உட்கார்ந்திருக்கவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. தட்டார்ப்பாட்டம் என்று அவர்கள் தொழிலுக்கு வரி இருந்தது. கரூர்க் கல்வெட்டு ஒன்றில், கோனேரின்மைகொண்டான் என்ற பெயரில் அரசன் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறான். தங்கள் நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது செருப்புப் போடலாம். வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்பவை அந்த உரிமைகள். அரசனின் ஆணை வந்த பிறகுதான் அவர்கள் செருப்புப் போட முடிந்தது.

தனக்குக் கிடைத்த ஆணையைக் கல்லில் வெட்டி வைத்த ஒரு சமூகம், அடுத்த தட்டில் இருந்தவர்களைத் தன் திண்ணைக்கு ஏற்றவில்லை. சாதியை அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். ஒவ்வொருவருக்கும் மிதிக்க ஒருவர் கீழே இருப்பதால், மேலே இருந்து மிதிப்பவரை எதிர்த்து எல்லோரும் ஒன்றுசேர முடிவதில்லை.

3. தடைப்பட்டியல்கள்

நவீன காலம் வந்தால் இது மாறும் என்று எதிர்பார்த்திருப்போம். மாறாக, தடைகள் பட்டியலாக எழுதப்பட்டது நவீன காலத்தில்தான்.

திருவிதாங்கூரில் பொன், வெள்ளி நகை அணிய அரசுக்கு ‘அடியறை’ என்ற கட்டணம் கட்டும் வழக்கம் இருந்தது. 1818இல் ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில் அது நாயர் முதலானவர்களுக்கு நீக்கப்பட்டது. அடிமைச் சாதிகளுக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. அங்கே அடிமை முறை ஒழிந்ததே 1855இல்தான். தென்மாவட்டங்களில் நாடார்களுக்கும் 19ஆம் நூற்றாண்டில் பொன் நகை, குடை, செருப்பு ஆகியவை மறுக்கப்பட்டிருந்தன.

அடுத்து, இந்தூர். அங்கே பலாய் என்னும் தீண்டப்படாத சமூகத்துக்குச் சாதி இந்துக்கள் விதித்த கட்டளைகள் 1928 ஜனவரியில் நாளிதழில் வெளிவந்தன. ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் அதை எடுத்துக்காட்டுகிறார். ஜரிகைக் கரை போட்ட தலைப்பாகை கூடாது, வண்ணக் கரை வேட்டி கூடாது, பெண்கள் பொன்னோ வெள்ளியோ அணியக் கூடாது என்பவை அவற்றில் சில. இந்துக்களின் பிரசவத்துக்குப் பலாய்ப் பெண்கள் வேலை செய்ய வேண்டும், கூலி கேட்காமல் உழைக்க வேண்டும் என்பவையும் அதே பட்டியலில் இருந்தன. மறுத்தவர்களுக்குக் கிணறு மூடப்பட்டது, மேய்ச்சல் தடுக்கப்பட்டது.

மூன்றாவது நம் மண்ணிலேயே நடந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. கள்ளர்கள் விதித்த தடைகள் என்று, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். அந்த எட்டில் முதல் தடை, பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது என்பது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, சட்டை கூடாது, கிராப்பு கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது, பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது, குடையும் செருப்பும் கூடாது என்று மற்றவை தொடர்கின்றன. மீறிய மக்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடு ஓட்டிச் செல்லப்பட்டது. அப்படியும் மக்கள் பணியவில்லை. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின.

மாணவத் தோழர்கள் இந்த இரண்டாவது பட்டியலைத் தேடிப் படிக்க வேண்டும். தங்க நகை கூடாது என்ற தடைக்கு அருகிலேயே குழந்தைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும் என்று இருக்கிறது. வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுக்கக் கூடாது, சொந்த நிலத்தை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டும், காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை உழைக்க வேண்டும், கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா என்றெல்லாம் இருக்கிறது. நகைத் தடை பொருளாதாரத் தடையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை வெறும் பண்பாட்டுத் தடை என்று படித்தால் பாதிதான் புரியும்.

நிலம் இல்லாதவர்களுக்கு, வங்கிக் கதவு திறக்காதவர்களுக்கு, தங்கம்தான் சேமிப்பு. உடம்போடு எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய சொத்து அது ஒன்றுதான். ஒரு பவுன் தங்கம் வைத்திருக்கும் கூலிக்காரர் அடுத்த அறுப்புவரை மிராசுதாரிடம் கடன் கேட்காமல் இருக்கலாம். கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் ரங்கூனுக்கோ கொழும்புக்கோ கப்பல் ஏறலாம். காதில் ஒரு தோடு இருந்தால், பண்ணையில் இல்லை என்று சொல்ல ஒரு பிடிமானம் இருக்கிறது. தடை போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1931இல் கூலியையும் நகையையும் ஒரே தாளில் எழுதினார்கள்.

4. தங்கத்தை வெட்டியெடுத்தவர்கள்

இங்கே கோலாரைச் சொல்லாமல் போக முடியாது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது, உள்ளே இறங்கி வேலை செய்யப் போனவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். அவர்களில் மிகப் பலர் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். ஊரில் பொன் அணியத் தடை இருந்த மக்கள் பூமிக்குள் இறங்கிப் பொன்னை எடுத்தார்கள். ஆழம் 3 கிலோமீட்டரையும் தாண்டியது. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது; தொழிலாளியின் தகர வீட்டுக்கு வரவில்லை. பாறை வெடித்துச் செத்தவர்கள் போக, கல்தூசி நுரையீரலை அரித்துச் செத்தவர்கள் பலர்.

எடுத்த தங்கம் லண்டனுக்குப் போயிற்று. எடுத்தவர்கள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது சோதனை போடப்பட்டார்கள். 1930இல் எல்லாத் தொழிலாளரிடமும் கைரேகை எடுக்க நிர்வாகம் முயன்றபோது பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. எங்களைத் திருடர்களாகப் பதிவு செய்யாதே என்பது அந்தப் போராட்டத்தின் உள்ளிருந்த குரல். அதே 1930 டிசம்பரில்தான் ராமநாதபுரத்தில் பொன் கூடாது என்ற தடை எழுதப்பட்டது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

கோலார் இன்னொன்றையும் கொடுத்தது. மாதச் சம்பளம் கைக்கு வந்தது. அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழுக்கு அங்கே வாசகர்கள் இருந்தார்கள், மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது. ஊர்த்தெருவும் மிராசுதாரும் இல்லாத இடத்தில் சம்பளக்காரராக ஒரு கடைக்காரர் முன் நிற்கும் பழக்கம் நம் மக்களில் ஒரு பகுதியினருக்கு அங்கே வந்தது. லீவுக்கு ஊருக்கு வந்தவர்களின் சட்டையும் கிராப்பும் மனைவியின் கம்மலும்தான் ஊரில் பல சண்டைகளைத் தொடங்கி வைத்தன. சுமார் 800 டன் தங்கம் கொடுத்த அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகளும், ஓய்வூதியத்துக்கு அலைந்த முதியவர்களும் மிச்சம்.

5. அணிந்ததும் அறுத்ததும்

தடைகளை நம் மக்களும் பிற ஒடுக்கப்பட்டவர்களும் இரண்டு வழிகளில் எதிர்கொண்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அவை எதிரெதிரானவை.

முதல் வழி, தடுக்கப்பட்டதை அணிவது. 1860 வாக்கில் கேரளத்துப் பந்தளத்தில், பொன் மூக்குத்தி அணிந்து வந்த ஈழவப் பெண்ணின் மூக்கிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்து அவமானப்படுத்தினார்கள் என்றும், கேள்விப்பட்ட ஆறாட்டுப்புழா வேலாயுதப் பணிக்கர் ஏராளமான மூக்குத்திகளைச் செய்வித்துக் கொண்டுவந்து, பந்தளத்துப் பெண்களுக்கு அணிவித்து நடக்கவைத்தார் என்றும் சொல்கிறார்கள். மூக்குத்திப் போராட்டம் என்றே அதற்குப் பெயர். ஒரு பெண்ணிடமிருந்து பறித்த ஒன்றுக்குப் பதிலாக ஊர்ப் பெண்கள் அனைவருக்கும் செய்யச் சொன்னது, நகை ஆர்டர் ஒன்று போராட்டமாக மாறிய தருணம்.

இரண்டாவது வழி, திணிக்கப்பட்டதை அறுத்தெறிவது. திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் மேலாடை இன்றி, கழுத்தில் கல்மணி மாலைகளைத்தான் அணிய வேண்டும் என்பது கட்டாயம். கல்லுமாலை என்பார்கள். அய்யன்காளியின் இயக்கம் அதைக் கழற்றச் சொன்னது. 1915இல் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் இதற்காக நடந்த கூட்டத்தைச் சாதி இந்துக்கள் தாக்கினார்கள், குடிசைகள் எரிந்தன. அந்த ஆண்டே கொல்லம் நகரில் அய்யன்காளி கூட்டிய பெருங்கூட்டத்தில், பெண்கள் அரிவாளால் கல்லுமாலையை அறுத்து மேடை முன் குவித்தார்கள்.

1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம் அம்பேத்கர் பேசியதும் இந்த வரிசையில் வருகிறது. சேலை கட்டும் விதத்தையும், கழுத்தில் அடுக்கும் மாலைகளையும், முழங்கைவரை ஏறும் மலிவு உலோகக் காப்புகளையும் விடச் சொன்னார். அவை தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் என்றார். நகை வேண்டுமென்றால் பொன்னில் அணியுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம். மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட அதே மாநாட்டு நாட்களில் இதைச் சொன்னார். இரும்பு நகை என்று விதித்த ஏட்டை எரித்துவிட்டு, அந்த விதி உடம்பில் விட்டுப்போன மிச்சத்தையும் கழற்றச் சொன்னார்.

பந்தளத்தில் அணிந்தார்கள், கொல்லத்தில் அறுத்தார்கள். இரண்டிலும் கோரிக்கை ஒன்றுதான். என் உடம்பில் என்ன இருக்க வேண்டும் என்பதை நான் சொல்வேன்.

6. சட்டத்துக்குப் பிறகு

இப்போது 1955க்குத் திரும்பலாம். அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு அணியும் உரிமையைக் காக்கிறது. அதைவிட நம் பேச்சுக்கு நெருக்கமானது 6ஆவது பிரிவு. தீண்டாமையின் பேரால் ஒருவருக்குப் பொருள் விற்க மறுப்பதும், வேலை செய்து கொடுக்க மறுப்பதும், மற்றவர்களுக்குச் செய்யும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே நிபந்தனைகளில் செய்ய மறுப்பதும் குற்றம் என்கிறது அது. அதே இடத்தில் என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் வைத்துத் தோட்டைக் கொடுத்தது அந்தப் பிரிவின்படி குற்றம். முடிவெட்டும் கடைக்கும் தேநீர்க் கடைக்கும் இந்தப் பிரிவை நாம் ஓரளவு பயன்படுத்தியிருக்கிறோம். பட்டறைத் திண்ணைக்கு எங்கும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

சட்டம் வந்த பிறகு தடைப்பட்டியல்களை யாரும் எழுதுவதில்லை. அதற்குப் பதிலாக, நாம் சேர்த்ததை அழிக்கிறார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடி மாவட்டம் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்துக் கொஞ்சம் நிமிர்ந்திருந்த ஊர் அது. தொலைக்காட்சி, டிராக்டர், தானியம் என்று உடைத்தார்கள்; நகையும் பணமும் போயின; குடிநீர்க் கிணற்றில் விஷம் கலந்தார்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அங்கேயும் எரிப்பதற்கு முன் பீரோக்கள் உடைக்கப்பட்டன, நகைகள் எடுக்கப்பட்டன. பெங்களூரில் கட்டட வேலை செய்து சேர்த்தவை அவை. காதல் திருமணம் காரணம் என்று சொல்லப்பட்டது. பீரோவை உடைத்த கைக்கு வேறு காரணமும் இருந்தது. 1930 ராமநாதபுரத்தின் முதல் தடையை அது நினைவில் வைத்திருந்தது.

தாக்குதல் நடந்த ஊர்களுக்கு உண்மையறியும் குழுவாகப் போனவர்களுக்கு அடுத்து நடப்பது தெரியும். இழப்பைக் கணக்கெடுக்க வரும் அதிகாரி நகைக்கு ரசீது கேட்பார். ஆசாரியிடம் சொல்லிச் செய்த நகைக்கு ரசீது ஏது? அம்மா போட்டிருந்ததை உருக்கி மகளுக்குச் செய்த சங்கிலிக்கு எந்தக் கடை பில் கொடுக்கும்? ஐந்து பவுன் போயிற்று என்று ஒரு பெண் சொன்னால், உங்களிடம் ஏது ஐந்து பவுன் என்று அதிகாரி கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பின்னால் 1931இன் பதினொரு தடைகளும் நிற்கின்றன. இந்த மக்களிடம் பொன் இருக்கக் கூடாது என்பது, இவர்களிடம் பொன் இருந்திருக்காது என்று மாறியிருக்கிறது. முன்பு தடையாக இருந்தது இன்று சந்தேகமாக இருக்கிறது.

7. இன்றைக்கு

ஆசாரிப் பட்டறைகளும் இன்று மறைந்துவருகின்றன. 1963இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றபோது ஆயிரக்கணக்கான பொற்கொல்லர்கள் தொழிலிழந்தார்கள், தற்கொலைகளும் நடந்தன. 1968இல் சட்டமாகவே வந்த கட்டுப்பாடு 1990இல்தான் நீங்கியது. அதன் பிறகு பெரிய நகைக்கடைகளும் எந்திர நகைகளும் வந்தன. 2021 முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாகியிருக்கிறது. நகைக்கடையில் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. உட்கார நாற்காலி தருகிறார்கள். இது நமக்குக் கிடைத்த விடுதலைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூடவே, சேதாரம் எத்தனை சதவீதம் என்று தெரியாமல் பணம் கட்டுவதும், வாங்கிய நகை ஆறே மாதத்தில் அடகுக்கடைக்குப் போவதும் நம் வீடுகளில்தான் அதிகம்.

வரதட்சணையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தொடக்கத்தில் தயங்கிய தோழர்களுக்குப் பதில் சொன்னதாகாது. முன்பு பரிசம் போட்டுப் பெண் எடுத்த பல தலித் சாதிகளில் இன்று எத்தனை பவுன் என்று கேட்கிறார்கள். அணியத் தடை இருந்த பொன், அணியாவிட்டால் கல்யாணம் இல்லை என்ற கட்டளையாக வந்து நிற்கிறது. இரண்டு கட்டளைகளிலும் அந்தப் பெண்ணை யாரும் எதுவும் கேட்கவில்லை. சட்டப்படி பார்த்தால் சுயமரியாதைத் திருமணத்துக்குத் தாலி தேவையில்லை. மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும் என்று 1967இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்வதும் ஒரு பெண்ணின் உரிமைதான். கொல்லத்துப் பெண்களின் அரிவாளை நம் வீட்டுக் கல்யாணப் பேச்சுக்கும் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இன்று நம் இளைஞர்கள் பட்டறைக்குப் போய் அம்பேத்கர் உருவம் பதித்த டாலர் செய்யச் சொல்கிறார்கள். புத்தர் உருவம் வைத்த மோதிரம் கேட்கிறார்கள், அசோகச் சக்கரம் வைத்த கம்மல் கேட்கிறார்கள். வெள்ளியிலும் செய்கிறார்கள், செம்பில் முலாம் பூசியும் செய்கிறார்கள். இதை வெறும் அடையாள மோகம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. ஆசாரியின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும், கோட்டு மடிப்பு சரியில்லை, மறுபடி செய்யுங்கள் என்று ஒரு சேரிப் பெண் சொல்வதை அவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். என் அம்மாயிக்கு ஏழுகல் தோடு இல்லை என்று முடிவு செய்தவர் வேறொருவர். இந்தப் பெண் முடிவு செய்கிறாள், ஆசாரி செய்து கொடுக்கிறார்.

முடிக்கும் முன் இரண்டு வேலைகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று செயல்பாட்டாளர்களுக்கு. சொல்லிச் செய்யும் நகைக்கும் எடை, மாற்று, கூலி எழுதிய சீட்டை ஆசாரியிடம் வாங்கி வைக்க நம் பெண்களுக்குச் சொல்லுங்கள். இருக்கிற நகையை நிறுத்துப் படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் ஒரு பிரதி வைக்கச் சொல்லுங்கள். பட்டறையிலோ கடையிலோ மறுப்பு நடந்தால் 6ஆவது பிரிவில் புகார் எழுதுங்கள். மற்றது மாணவர்களுக்கு. உங்கள் வீட்டுப் பாட்டிகளிடம் முதல் நகை எது, யார் செய்தது, எங்கே நின்று வாங்கினீர்கள், எந்தத் தெருவில் கழற்றினீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். தெய்வத்தின் முத்தைக் கல்லில் எண்ணி வைத்த இந்த நாட்டில், நம் பாட்டிகளின் தோட்டுக்கு இதுவரை கணக்கு இல்லை. ஹட்டனின் பதிவில் தடை மட்டும்தான் இருக்கிறது. மீறியவர்களின் பெயர்கள் அந்தப் பாட்டிகளிடம் இருக்கின்றன, அவர்களில் பலருக்கு எண்பது வயது கடந்துவிட்டது.